பழைய ஃபெலனி இருந்தால் புரொபேஷன் கிடைக்குமா? கலிபோர்னியா சட்டப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏற்கெனவே ஒரு ஃபெலனி இருக்கிறது, இனி புரொபேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று குடும்பத்தார் பலரும் முதல் நாளே முடிவுகட்டிவிடுகிறார்கள். கலிபோர்னியாவைப் பொறுத்தவரை இது பாதி உண்மைகூட இல்லை. வன்முறையோ ஆயுதமோ சேராத ஒரே ஒரு பழைய ஃபெலனி, பெரும்பாலும் புரொபேஷனை அதுவாகத் தடுப்பதில்லை. மறுபக்கம், முப்பது வருடத்துக்கு முன் ஆள் குடியிருந்த வீட்டுக்குள் புகுந்து திருடிய வழக்கு ஒன்று இருந்தால், இன்றைய குற்றம் வெறும் காசோலை மோசடியாக இருந்தாலும் கதவு சாத்தப்பட்டுவிடும். பழைய வழக்கு எது, எத்தனை, காகிதத்தில் எப்படி முடிந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பழைய காகிதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது கலிபோர்னியா மாநிலச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் அந்த மாநிலத்தின் தண்டனைச் சட்டத் தொகுப்பில் (பீனல் கோடு) உள்ளவை. டெக்சாஸ், நியூ ஜெர்சி, ஃபெடரல் நீதிமன்றம் ஒவ்வொன்றுக்கும் விதிகள் வேறு.

முதலில் நான்கு சொற்கள்

ஃபெலனி என்பது மாநிலச் சிறைக்கோ, 1170(எச்) பிரிவின்படி கவுண்டி சிறையில் நீண்ட தண்டனைக்கோ உரிய பெருங்குற்றம். மிஸ்டிமீனர் அதற்குக் கீழே உள்ள சிறுகுற்றம். இரண்டில் எதுவாகவும் வழக்குப் போடக்கூடிய குற்றங்களை வழக்கறிஞர்கள் 'வாப்ளர்' என்பார்கள். புரொபேஷன் என்றால் தண்டனையை நிறுத்திவைத்து, நிபந்தனைகளோடு, புரொபேஷன் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே விடுவது. சிறைத் தண்டனை முடிந்தபின் வரும் பரோல் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசிக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். வழக்கறிஞரிடம் பேசும்போது இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

படி 1: பழைய வழக்கின் காகிதங்களை எடுங்கள்

நினைவை நம்பாதீர்கள். "அது மிஸ்டிமீனர்தான், ஆறு மாதம்தான் உள்ளே இருந்தேன்" என்று சொல்பவரின் பதிவில் ஃபெலனி இருப்பது சகஜம். கவுண்டி சிறையில் இருந்ததால் மட்டும் ஒரு குற்றம் மிஸ்டிமீனர் ஆகிவிடாது. ஃபெலனி புரொபேஷனின் நிபந்தனையாகவே ஒரு வருடம் வரை கவுண்டி சிறை விதிக்கலாம்.

இரண்டு இடங்களில் தேட வேண்டும். ஒன்று, மாநில நீதித் துறையிடம் இருக்கும் உங்கள் குற்றப் பதிவு. 'லைவ் ஸ்கேன்' மையத்தில் கைரேகை கொடுத்து, சொந்தப் பதிவின் நகலை நீங்களே கேட்டுப் பெறலாம். இரண்டு, வழக்கு நடந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் எழுத்தர் அலுவலகம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட படிவம், அன்றைய நீதிமன்றக் குறிப்பு, தீர்ப்புச் சுருக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். பதிவுத் தாளில் ஒற்றை வரியாக இருக்கும் பிரிவு எண் பல நேரம் முழுக் கதையைச் சொல்லாது. 'பர்க்ளரி' (திருடும் நோக்கில் கட்டடத்துக்குள் நுழைதல்) என்று மட்டும் இருந்தால், அது வீடா கடையா என்பது கையெழுத்திட்ட படிவத்தில்தான் தெரியும்.

வேறு மாநிலத்து வழக்குகளையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு ஃபெலனிகளைப் பற்றிய 1203-ஆம் பிரிவு (படி 4-இல் வரும்), 'வேறு எந்த இடத்திலும்' பெற்ற தண்டனை, கலிபோர்னியாவில் செய்திருந்தால் ஃபெலனியாகியிருக்கும் என்றால் அதையும் கணக்கில் சேர்க்கிறது.

படி 2: அது இன்னும் ஃபெலனிதானா?

அதிகம் பேர் தாண்டிப் போய்விடும் படி இது. ஒரு பழைய ஃபெலனி சட்டத்தின் கண்ணில் ஃபெலனியாகவே தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2014 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபொசிஷன் 47, போதைப்பொருளை வெறுமனே வைத்திருத்தல், 950 டாலருக்கு உட்பட்ட பல திருட்டுகள் ஆகியவற்றை மிஸ்டிமீனராக்கியது. பழைய தண்டனையையும் 1170.18-ஆம் பிரிவின்படி மனு போட்டு மாற்றிக்கொள்ளலாம். மாறிய பின், துப்பாக்கித் தடையைத் தவிர மற்ற எல்லா நோக்கத்துக்கும் அது மிஸ்டிமீனர். காலம் கடந்து மனு போடுபவர்கள் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டிவரலாம். பழைய வழக்கு கஞ்சா சம்பந்தப்பட்டது என்றால் 2016-இன் புரொபொசிஷன் 64-ஐப் பாருங்கள்.

வாப்ளர் குற்றமாக இருந்தால் 17(பி) பிரிவு கைகொடுக்கும். புரொபேஷன் கொடுத்தபோதோ பின்னாலோ நீதிபதி அதை மிஸ்டிமீனராகக் குறைத்திருக்கலாம். 2013-இல் பீப்பிள் எதிர் பார்க் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், புதிய குற்றத்துக்கு முன்பே அப்படிக் குறைக்கப்பட்ட வழக்கைக் கடும் ஃபெலனி என்று காட்டி ஐந்து வருடம் கூட்டிப் போட முடியாது என்றது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடுமையான அல்லது வன்முறையான பழைய குற்றத்தை 'ஸ்டிரைக்' என்று எண்ணித் தண்டனையைக் கூட்டும் 'மூன்று ஸ்டிரைக்' சட்டத்துக்கு மட்டும் கணக்கு வேறு. ஒரு வழக்கு ஸ்டிரைக்கா என்பது அந்தத் தண்டனை பெற்ற தேதியிலேயே முடிவாகிவிடுகிறது. முதல் தண்டனையின்போதே குற்றம் தானாக மிஸ்டிமீனராக மாறியிருந்தால் தவிர, பின்னால் குறைத்தது ஸ்டிரைக்கை அழிக்காது.

இன்னொரு பெரிய ஏமாற்றம், பேச்சு வழக்கில் 'எக்ஸ்பஞ்ச்' என்று சொல்லப்படும் 1203.4 நிவாரணம். புரொபேஷனை ஒழுங்காக முடித்தவரின் வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்கிறது. வேலை தேடும்போது அது உதவும். ஆனால் அதே பிரிவு, பின்னாளில் வேறு குற்ற வழக்கு வந்தால் இந்தப் பழைய தண்டனையை எடுத்துக் காட்டலாம், தள்ளுபடியே நடக்காதது போன்ற பலன் அதற்கு உண்டு என்றும் சொல்லிவிடுகிறது. "என் ரெக்கார்டு சுத்தமாகிவிட்டது" என்ற நம்பிக்கையில் வழக்கறிஞரிடம் பழைய வழக்கைச் சொல்லாமல் விடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அரசு தானாகவே மறைத்துவைக்கும் பதிவுகளுக்கும் இதே நிலைதான்.

படி 3: அடியோடு தடுக்கும் பிரிவுகள்

நீதிபதிக்கு இரக்கம் வந்தாலும் புரொபேஷன் கொடுக்க முடியாத நிலைகள் சில. இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். பல குடும்பங்கள் இதைப் பார்க்காமல் நற்சான்றுக் கடிதங்களைச் சேகரிக்க ஓடுகின்றன.

மிக முக்கியமானது ஸ்டிரைக். பழைய குற்றம் 'கடுமையானது' அல்லது 'வன்முறையானது' என்று சட்டம் பட்டியலிட்டவற்றில் ஒன்றாக இருந்தால், இன்றைய குற்றம் எந்த ஃபெலனியாக இருந்தாலும் புரொபேஷன் இல்லை. 1994-இல் சட்டமன்றமும் வாக்காளர்களும் அடுத்தடுத்து நிறைவேற்றிய சட்டம் இது. 667, 1170.12 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. கொள்ளை, வீடு புகுந்த திருட்டு, ஆயுதத்தால் தாக்குதல் எல்லாம் பட்டியலில் உண்டு. எத்தனை வருடம் ஆனது என்பதற்கு இந்தத் தடையில் மதிப்பே கிடையாது. 16 வயதுக்குப் பின் சிறார் நீதிமன்றத்தில் முடிந்த சில வழக்குகள்கூட ஸ்டிரைக்காக எண்ணப்படும். அந்த வயதில் வந்த வழக்கைப் பெற்றோரே மறந்துபோயிருப்பார்கள்.

இரண்டாவது, 1203(கே). ஏற்கெனவே ஒரு ஃபெலனிக்காகப் புரொபேஷனில் இருக்கும்போது கடும் அல்லது வன்முறை ஃபெலனி செய்தால் மறுபடி புரொபேஷன் கிடையாது. மூன்றாவது, 1203.08. கொலை, ஆள்கடத்தல், கொள்ளை, வீடு புகுந்த திருட்டு போன்ற குறிப்பிட்ட ஃபெலனிகளில் ஒன்றை இப்போது செய்தவருக்கு, கடந்த பத்து வருடத்துக்குள் தனித்தனி வழக்குகளில் அதே பட்டியலில் இரண்டு தண்டனைகள் இருந்தால் தடை. நான்காவது, துப்பாக்கி பற்றிய 1203.06. பட்டியலில் உள்ள ஃபெலனி பழைய பதிவில் இருந்து, புதிய ஃபெலனியின்போது கையில் துப்பாக்கி இருந்தால் அதோடு கதை முடிந்தது.

துப்பாக்கித் தடையை நீதிபதியால் தள்ளிவைக்க முடியுமா என்ற கேள்வி 1970-களின் கடைசியில் மாநிலத்தையே உலுக்கியது. பீப்பிள் எதிர் டானர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் 'முடியும்' என்றது. எதிர்ப்பு கிளம்பி, மறுவிசாரணை நடந்து, 1979-இல் 'முடியாது' என்று மாற்றிச் சொன்னது. அந்த இரண்டாவது பதில்தான் இன்றும் நிற்கிறது.

இந்தத் தடைகளில் சிலவற்றைக் குற்றப்பத்திரிகையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்ளவோ நீதிமன்றம் உண்மை என்று கண்டறியவோ வேண்டும். 1203.06, 1203.08 இரண்டும் அப்படித்தான். ஆகவே குற்றப்பத்திரிகையை வரிவரியாகப் படியுங்கள். பேரம் பேசும் கட்டத்தில் 'பழைய தண்டனை உண்மை' என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வரிக்கு வருடக்கணக்கான விலை இருக்கலாம்.

போதைப்பொருள் வழக்குகளில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. வன்முறை சேராத பல போதைப்பொருள் குற்றங்களுக்கு இருந்த கட்டாயத் தடையை 2022 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டார்கள். பழைய இணையப் பக்கங்கள் இன்னும் பழைய சட்டத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஸ்டிரைக் இருந்தால்: ரொமேரோ

ஸ்டிரைக் தடைக்கு மட்டும் ஒரு வெளிவாசல் உண்டு. 1996-இல் ரொமேரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதியின் நலன் கருதி 1385-ஆம் பிரிவின் கீழ் நீதிபதி பழைய ஸ்டிரைக்கைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. அரசு வழக்கறிஞரின் சம்மதம் தேவையில்லை. 1998-இன் வில்லியம்ஸ் வழக்கு அளவுகோலை வகுத்தது. இப்போதைய குற்றத்தின் தன்மை, பழைய குற்றங்களின் தன்மை, ஆளின் பின்னணி, குணம், எதிர்காலம் ஆகியவற்றைப் பார்த்து, இவர் மூன்று ஸ்டிரைக் சட்டத்தின் நோக்கத்துக்கு வெளியே நிற்பவரா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும். காரணங்களைப் பதிவிலும் சொல்ல வேண்டும்.

பழைய குற்றம் எவ்வளவு பழையது என்பதற்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். தடையைப் பொறுத்தவரை காலத்துக்கு மதிப்பில்லை, தடையை நீக்கும்போது காலம்தான் பெரிய வாதம். ஆனால் இடையில் இருந்த இருபது வருடமும் சும்மா இருந்த காலமாக இருக்கக் கூடாது. வேலை, குடும்பம், சிகிச்சை என்று நிரப்பிக் காட்ட வேண்டும். இடையிடையே சின்னச் சின்ன வழக்குகள் வந்துகொண்டே இருந்தால், காலம் கடந்ததாகச் சொல்வது நீதிபதியின் காதில் ஏறாது. ரொமேரோ கோரிக்கையில் வென்றபிறகும், அடுத்துச் சொல்லப்போகும் இரண்டு ஃபெலனித் தடை குறுக்கே வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

படி 4: இரண்டு ஃபெலனி என்ற அனுமானம்

1203(இ)(4) சொல்வது இதுதான். முன்பு இரண்டு ஃபெலனித் தண்டனை பெற்றவருக்கு, நீதியின் நலனுக்கு உகந்த அசாதாரண வழக்காக இருந்தால் தவிர, புரொபேஷன் தரக் கூடாது. முழுத் தடை இல்லை, புரொபேஷன் கூடாது என்ற அனுமானம்தான். ஆனால் தராசு ஏற்கெனவே எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை நிமிர்த்தும் பொறுப்பு உங்களுடையது. ஒரே ஒரு ஃபெலனி இருந்தாலும் அதில் ஆயுதம் பயன்படுத்தியது, வேண்டுமென்றே பெருங்காயம் விளைவித்தது போன்றவை இருந்து, இப்போதும் குறிப்பிட்ட ஃபெலனிகளில் ஒன்று என்றால் இதே அனுமானம் வரும்.

'அசாதாரண வழக்கு' என்பதை நீதிபதியின் மனநிலைக்கு விட்டுவிடவில்லை. நீதிமன்ற விதி 4.413 அதை விவரிக்கிறது. தடைக்குக் காரணமான விஷயம் வழக்கமான அளவைவிட மிகவும் லேசாக இருந்து, அதுபோன்ற குற்றமோ வன்முறையோ சமீபத்தில் இல்லாதிருப்பது ஒன்று. இப்போதைய குற்றம் பழைய ஃபெலனியைவிடச் சிறியதாக இருந்து, நீண்ட காலம் சிறைக்கும் கடும் குற்றத்துக்கும் போகாமல் இருந்தது இன்னொன்று. மிரட்டல், பெருந்தூண்டுதல், சிகிச்சையில் தேறக்கூடிய மனநலப் பிரச்சினை, பெரிய குற்ற வரலாறில்லாத இளவயது அல்லது முதுமை ஆகியவையும் விதியில் இருக்கின்றன. மனு எழுதும் வழக்கறிஞர் இந்த விதியின் வாசகத்தையே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரத்தை வைத்தால் நீதிபதிக்கு வேலை எளிது. 'நல்ல மனிதர், பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பது 4.413-க்குப் பதில் ஆகாது. அது அடுத்த படிக்கு உரிய வாதம்.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு 2006-இல் கார் திருட்டு ஃபெலனி. 2011-இல் பர்க்ளரி ஃபெலனி. அதன்பின் எதுவும் இல்லை. இப்போது வேலை செய்த கடையில் 8,000 டாலர் கையாடல். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு ஃபெலனி, அனுமானம் பொருந்தும். காகிதத்தை எடுத்தால் 2011 வழக்கு, திறந்திருந்த கடைக்குள் போய் 600 டாலர் பொருளைத் திருடியது என்று தெரிகிறது. புரொபொசிஷன் 47-இன்படி அது இன்று கடைத்திருட்டு என்ற மிஸ்டிமீனர். மனு ஏற்கப்பட்டால் மிஞ்சுவது ஒரே ஃபெலனி, அனுமானமே போய்விடும். அதே காகிதத்தில் 'கடை' என்ற இடத்தில் 'குடியிருக்கும் வீடு' என்று இருந்தால்? அது ஸ்டிரைக். ரொமேரோ வெல்லாமல் புரொபேஷன் பற்றி வாய் திறக்க முடியாது.

படி 5: நீதிபதியின் விருப்புரிமை

தகுதி இருக்கிறது என்பது கிடைத்துவிட்டது என்பதாகாது. புரொபேஷன் உரிமை அல்ல, நீதிபதி தரும் சலுகை. இப்போது அளவுகோல் விதி 4.414. அதில் பழைய பதிவு மறுபடி வருகிறது. குற்றங்கள் அடிக்கடி நடந்தனவா, வரவரப் பெரிதாகின்றனவா, முன்பு புரொபேஷனிலோ பரோலிலோ இருந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்றெல்லாம் பார்ப்பார்கள். என் கருத்தில், பழைய புரொபேஷனை ஒழுங்காக முடித்ததற்கான சான்று, பத்து நற்சான்றுக் கடிதங்களைவிட மேல். நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் விருப்பமும் வசதியும், சிறை சென்றால் அவரை நம்பி இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது, வருத்தம், நம்பிக்கைக்குரிய பதவியைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பது எல்லாம் கணக்கில் வரும். மேலே சொன்ன கையாடல் வழக்கில் இந்தக் கடைசி அம்சம் கடிக்கும். எனவே தண்டனை நாளுக்கு முன்பே முடிந்தவரை பணத்தைத் திருப்பிக் கட்டுவது நல்லது.

புரொபேஷன் அதிகாரி அறிக்கை தயாரிப்பார். தண்டனை நாளுக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்னும், கேட்டுக்கொண்டால் ஒன்பது நாள் முன்னும் அது வழக்கறிஞர்கள் கைக்கு வர வேண்டும். ஒன்பது நாள் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய வழக்குகளை அறிக்கை தவறாக எண்ணியிருப்பது நடக்கக்கூடியதே. ஒரே வழக்கு இரண்டாகவும், குறைக்கப்பட்டது ஃபெலனியாகவும் ஏறியிருக்கலாம். அதிகாரியோடு பேசுவதற்கு முன் என்ன பேசலாம் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தணிப்புக் காரணங்களை எழுத்தில் தர விரும்பினால் தண்டனை நாளுக்குக் குறைந்தது நான்கு நாள் முன் தாக்கல் செய்ய வேண்டும்.

படி 6: கிடைக்காது என்று தெரிந்தால்

ஸ்டிரைக் இல்லாத, 1170(எச்) பிரிவில் வரும் ஃபெலனி என்றால், தண்டனையைப் பிளந்து ஒரு பகுதியைக் கவுண்டி சிறையிலும் மீதியை வெளியே கண்காணிப்பிலும் கழிக்க நீதிபதி உத்தரவிடலாம். 2011-இல் வந்த இந்த முறை, புரொபேஷன் மறுக்கப்பட்டவருக்கும் வெளியே வர வழி தருகிறது. மனநலப் பிரச்சினை குற்றத்துக்குப் பங்களித்திருந்தால் 1001.36 பிரிவின் டைவர்ஷன், அதாவது வழக்கை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கு அனுப்பும் வழி, உண்டு. அது தண்டனைக்கு முந்தைய கட்டம். பழைய ஃபெலனி இருப்பது மட்டுமே அதற்குத் தடையாகாது. கொலை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் கிடையாது. முடித்துவிட்டால் வழக்கே தள்ளுபடி. இதைத் தண்டனை நாளன்று நினைத்துப் பயனில்லை, வழக்கின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

படி 7: கிடைத்தால் எந்த வடிவில் என்று பாருங்கள்

2021 ஜனவரி 1 முதல் பெரும்பாலான ஃபெலனி புரொபேஷனுக்கு உச்ச வரம்பு இரண்டு வருடம். வன்முறை ஃபெலனி, தனிக் காலவரையறை உள்ள குற்றங்கள் விதிவிலக்கு. 25,000 டாலருக்கு மேற்பட்ட சில திருட்டுகளுக்கு மூன்று வருடம்.

புரொபேஷனில் இரண்டு வகை. தண்டனையை அறிவிக்காமலேயே நிறுத்திவைப்பது ஒன்று. 'மூன்று வருடம்' என்று அறிவித்து, அதை நிறைவேற்றாமல் நிறுத்திவைப்பது மற்றொன்று. இரண்டாவதில் நிபந்தனை மீறி ரத்தானால், நீதிபதி அதே மூன்று வருடத்தைத்தான் நிறைவேற்ற வேண்டும், குறைக்க முடியாது. 1997-இல் ஹவர்ட் வழக்கு இதை உறுதிசெய்தது. பழைய ஃபெலனி உள்ளவருக்கு அரசுத் தரப்பு பெரும்பாலும் இந்த வகையைத்தான் முன்வைக்கும். மீறலை நிரூபிக்க ஜூரி தேவையில்லை, 'நடந்திருக்க அதிக வாய்ப்பு' என்ற அளவு ஆதாரம் போதும்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு, எச்-1பியோ கிரீன் கார்டோ எதில் இருந்தாலும், இந்த வகை வேறுபாடு உயிர்நாடி. குடிவரவுச் சட்டம் நிறுத்திவைத்த சிறைத் தண்டனையையும் முழுத் தண்டனையாகவே எண்ணுகிறது. திருட்டு, வன்முறை போன்ற வகைகளில் ஒரு வருடத் தண்டனை வந்துவிட்டால் அது 'மோசமாக்கப்பட்ட ஃபெலனி' என்ற பட்டியலில் சேர்ந்து, நாடுகடத்தலிலிருந்து தப்பும் வழிகளைப் பெரும்பாலும் அடைத்துவிடும். அதனால்தான் விவரமான வழக்கறிஞர்கள் தண்டனை அறிவிக்காத புரொபேஷனும், நிபந்தனைச் சிறை 365 நாளுக்குப் பதில் 364 நாளும் கேட்பார்கள். 1203.4 தள்ளுபடி வழக்கமாகக் குடிவரவுத் துறையின் கண்ணில் எதையும் அழிக்காது. புரொபேஷன் முடியும்வரை குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஒப்புதலும் கிடைக்காது. 2010-இல் பாடில்லா எதிர் கென்டக்கி தீர்ப்பு வந்தபின், இந்த விளைவுகளைச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை. கலிபோர்னியாவில் 1016.3-ஆம் பிரிவு, துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று அதை எழுத்தில் வைத்திருக்கிறது. அரசு செலவில் வரும் பப்ளிக் டிஃபென்டருக்கும் இது பொருந்தும். எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், "என் விசாவுக்கு இது என்ன செய்யும்?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.